ஒன்பதும் நாற்பத்தொன்றும்

பிரகதீஸ்வரியின் உடம்பில் எந்தக் குறையும் இல்லை என்று நான்கு வருடங்களில் ஏழு பேர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எக்ஸ்ரே எடுத்தவர், ஸ்கேன் எடுத்தவர், எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர், தைராய்டு பார்த்தவர், இன்னும் இரண்டு பேர். எல்லாக் காகிதங்களின் அடியிலும் 'நார்மல்' என்று இருந்தது. அவற்றை ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு பீரோவின் மேல்தட்டில் வைத்திருந்தாள். அந்த ஃபைலை எடுக்கக் கையைத் தூக்கினால் தோள்பட்டை வலிக்கும்.

காலையில் எழுந்தால் விடிய விடிய நெல் மூட்டை சுமந்தவள் மாதிரி இருக்கும். எட்டு மணி நேரம் படுத்திருப்பாள், தூங்கின சுகம் இருக்காது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, எதற்காக அடுப்படிக்கு வந்தோம் என்று யோசித்துக்கொண்டு நிற்பாள். அவள் யோசித்து முடிப்பதற்குள் பால் பொங்கிவிடும். அதற்கும் தலையில் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். அதுவும் நார்மல்.

ஒருவருக்கு நோய் என்று பெயர் வைத்துவிட்டால் சொந்தபந்தம் ஆறுதல் சொல்லும். நார்மல் என்று வந்துவிட்டால் புத்தி சொல்லும். "மனச லேசா வச்சுக்க" என்றார்கள். "செல்போனக் கீழ வையி" என்றார்கள். அவள் கையில் செல்போனைப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும் என்பதால் அதை எப்போதும் கீழேதான் வைத்திருந்தாள். நாத்தனார் சின்னப்பிள்ளை, புருசனுக்கு அக்கா, மட்டும் கொஞ்சம் நேராகப் பேசுகிறவள். "நாங்கள்லாம் வலிக்காமயா வேலை பாக்குறோம்?" என்று கேட்டாள்.

அவளுடைய புருசன் ஆத்மநாதன் அரிமளத்தில் உரக்கடை வைத்திருந்தார். கடைக்கு 'பிரகதி அக்ரோ ஏஜென்சி' என்று பெண்டாட்டி பெயரைத்தான் வைத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. அவருக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு நம்பிக்கை: உலகத்தில் நோய் என்று எதுவும் இல்லை, பற்றாக்குறைதான் உண்டு. இலை ஓரம் கருகினால் பொட்டாஷ் இல்லை. நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மஞ்சளித்தால் மக்னீசியம் இல்லை. கடலை பொக்காகப் போனால் ஜிப்சம் போடவில்லை. கடைச் சுவரில் இதற்கென்று கலரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. அந்தப் படத்தில் இல்லாத எதையும் அவர் நம்பத் தயங்குவார். பெண்டாட்டிக்கு வலி என்பது அந்தப் படத்தில் இல்லை.

சித்திரையில் புதுக்கோட்டைக்கு சிவரஞ்சனி என்று ஒரு டாக்டரம்மா புதிதாக வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, எட்டாவதாக அவரிடம் போனார்கள். அந்தம்மா ஃபைலை வாங்கி ஒவ்வொரு காகிதமாகப் படித்தார். பிறகு ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு, பிரகதீஸ்வரியின் கழுத்து, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் உட்பக்கம் என்று கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். மூன்றாவது இடத்திலேயே அவள் கத்திவிட்டாள். பத்தாவது இடத்தில் அழுதுவிட்டாள். வலியால் மட்டும் வந்த அழுகை இல்லை அது. நான்கு வருடத்தில் அவளை அமுக்கிப் பார்த்த முதல் ஆள் இவர்தான்.

"இது கற்பனை இல்லம்மா" என்றார் டாக்டர். "ஃபைப்ரோமயால்ஜியான்னு பேரு. நரம்பு வலியக் கூட்டிக் காட்டுது. எக்ஸ்ரேலயும் தெரியாது, ரத்தத்துலயும் தெரியாது. ஒரே மாத்திரையில போயிரும்னு நான் சொல்ல மாட்டேன். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை தாரேன். தெனமும் கொஞ்சம் கொஞ்சமா நடங்க. வேலையக் கொறைங்க. அது ரொம்ப முக்கியம்."

ஆத்மநாதன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "சத்து ஏதும் கொறைஞ்சிருக்குமா டாக்டர்?"

"சத்து மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்சம் உதவுது. மக்னீசியம் சில பேரு எடுக்குறாங்க. பெருசா நிரூபிச்சதுன்னு சொல்ல முடியாது. வைட்டமின் டி எதுக்கும் டெஸ்ட் பண்ணிப் பாப்போம். கொறைஞ்சிருந்தா குடுக்கத்தான் வேணும்."

டாக்டர் சொன்னதில் பாதி அந்த அறையிலேயே தங்கிவிட்டது. மக்னீசியம் என்ற ஒரு வார்த்தை மட்டும் ஆத்மநாதனோடு பஸ் ஏறியது.

"மக்னீசியமாம்ல" என்றார், பஸ் புதுக்கோட்டையைத் தாண்டுவதற்குள் மூன்றாவது தடவையாக. முகத்தில் அவ்வளவு தெளிச்சி. "இத மொதல்லயே சொல்லியிருந்தா நாலு வருசம் வீணாப் போயிருக்குமா?"

"நாந்தான் வலிக்குது வலிக்குதுன்னு சொன்னேன்லங்க."

"வலிக்குதுன்னுதான சொன்ன. மக்னீசியம்னு சொல்லலையே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பியதில் கழுத்து பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் இருந்து இறங்கும் வரை அப்படியே வந்தாள்.

நான்கு நாள் கழித்து ரத்த ரிப்போர்ட் வந்தது. வைட்டமின் டி குறைந்தது முப்பது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது இருந்தது. ஆத்மநாதன் அந்தக் காகிதத்தைக் கடைக்கே எடுத்துக்கொண்டு போனார். யூரியா வாங்க வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். "எங்க வீட்ல ஒம்போதுதான்" என்று சொன்னார். அவர் சொன்ன விதத்தில், வந்தவர்கள் முதலில் வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தார்கள்.

பிரகதீஸ்வரிக்கு அந்த ஒன்பது செய்ததை எந்த மருந்தும் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். சின்னப்பிள்ளையே திருமயத்தில் இருந்து போன் போட்டாள். "ஒம்போதாமே! அடிப்பாவி, எப்படி நடமாடுற?" என்று கேட்டாள். ஆத்மநாதன் தானாகவே தண்ணீர்க் குடம் தூக்கினார். கல் தோசைக்கு மாவு அரைக்க வேண்டாம், கடையில் மாவு வாங்கிக்கொள்ளலாம் என்று வீட்டில் முதன்முறையாகத் தீர்மானம் ஆனது. மத்தியானம் அவள் படுத்திருந்தால் யாரும் கதவை இடித்துத் திறக்கவில்லை. வலி அப்படியேதான் இருந்தது. ஆனால் வலிக்குப் பக்கத்தில் அவள் மட்டும் இல்லை என்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இதற்கிடையில் ஆத்மநாதன் காரியத்தில் இறங்கினார். வாரம் ஒரு வைட்டமின் டி பொடி பாலில் கலந்து. அது டாக்டர் உத்தரவு, அதில் அவர் தலையிடவில்லை. மற்றதெல்லாம் அவர் திட்டம். "ஒரே நேரத்துல ரெண்டு மருந்து அடிச்சா எது கேட்டுச்சுன்னு எப்படித் தெரியும்?" என்பது அவர் கட்சி. ஒவ்வொன்றும் பதினைந்து நாள், நடுவில் ஐந்து நாள் இடைவெளி என்று காலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டார். வயலில் இப்படித்தான் செய்வார்கள். வயல் எதிர்த்துப் பேசாது என்பது ஒரு வசதி.

முதலில் மக்னீசியம். மருந்துக்கடையில் எந்த வகை என்று கேட்டார்கள். இவர் இருப்பதில் விலை கம்மியானதை வாங்கி வந்துவிட்டார். அது இரண்டே நாளில் வேலை செய்தது, ஆனால் வேறு இடத்தில். பிரகதீஸ்வரி மூன்று நாள் வீட்டின் பின்பக்கத்தை விட்டு நகரவில்லை. டாக்டருக்குப் போன் போட்டதற்கு, அதே மக்னீசியத்தில் வயிற்றைக் கலக்காத வகை உண்டு என்று பெயரை எழுதச் சொன்னார். வகையை மாற்றிய பிறகு காலில் இழுத்துப் பிடிப்பது கொஞ்சம் குறைந்தது. குறைந்தது என்று அவள் சொன்னதும், "எவ்வளவு சதவீதம்?" என்று கேட்டார் ஆத்மநாதன். அவள் சதவீதத்தில் வலியை நினைத்துப் பார்த்ததில்லை. "பத்து" என்று சொல்லிவைத்தாள். காலண்டரில் பத்து ஏறியது.

அந்த உற்சாகத்தில் கடையில் இருந்து இருபத்தைந்து கிலோ மக்னீசியம் சல்பேட் மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வெந்நீரில் போட்டுக் காலை வைத்தால் நல்லது என்று போனில் படித்தாராம். பிரகதீஸ்வரி மூட்டையைச் சுற்றி வந்து படித்தாள்.

"விவசாய உபயோகத்துக்கு மட்டும்னு போட்டிருக்குங்க."

"நம்மளும் விவசாயக் குடும்பந்தான."

அவள் அதில் காலை வைக்க மறுத்துவிட்டாள். மறுநாள் மருந்துக்கடையில் அதே உப்பைச் சின்னப் பாக்கெட்டில் வாங்கி வந்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று ஆத்மநாதன் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். வலி போனதோ இல்லையோ, சாயங்காலம் பழைய அன்னக்கூடைப் பாத்திரத்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் உட்காருவது அவளுக்குப் பிடித்திருந்தது. கால் நனைந்திருப்பவளை யாரும் எழுந்திரு என்று சொல்வதில்லை.

வைகாசியில் மீன் எண்ணெய் மாத்திரை. அதில் ஒரு சிக்கல் வந்தது. ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். திருவிழா முடிகிற வரை யார் வீட்டிலும் கவுச்சி புழங்கக் கூடாது. மாத்திரை மீன் கணக்கா, எண்ணெய் கணக்கா என்று சின்னப்பிள்ளை போனில் கேட்டாள். ஆத்மநாதன் எண்ணெய் என்றார். மீனைப் பிழியாமல் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று சின்னப்பிள்ளை கேட்டாள். பஞ்சாயத்து பூசாரி ஆண்டியப்பனிடம் போனது. அவர் மாத்திரையைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். "வாடை வெளியில வரல. முழுங்கிட்டா ஆத்தாவுக்குத் தெரியவா போகுது? சாப்பிடச் சொல்லுங்க" என்று தீர்ப்புச் சொன்னார். மறுநாள் காலை கோயில் வாசலில் பிரகதீஸ்வரிக்கு ஒரு ஏப்பம் வந்தது. பக்கத்தில் நின்ற மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்டியப்பன் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். காலண்டரில் மீன் எண்ணெய்க்கு நேராக ஒரு கோடு போடப்பட்டது.

ஆனியில் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் சூர்யபிரகாஷ் ஒரு டப்பா அனுப்பினான். பெயர் வாயில் நுழையவில்லை. கடைசியில் க்யூ டென் என்று வரும். வீட்டில் அதைச் சிங்கப்பூர் மாத்திரை என்றார்கள். விலையைக் கேட்டபிறகு பிரகதீஸ்வரிக்கு அது வேலை செய்யவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அதற்கும் பத்து சொன்னாள். பிள்ளை பாசத்தை வேறு எப்படி எண்ணிக்கையில் சொல்வது?

அந்த மாதத்தில்தான் படைப்புப் பேச்சு வந்தது. ஆத்மநாதன் வீட்டுக் குலதெய்வம் கருப்பர். ஆடிக் கடைசி வெள்ளியில் பங்காளிகள் எல்லாம் கூடிக் கிடா வெட்டிப் பொங்கல் வைப்பார்கள். பொங்கப் பானையை மூத்த மருமகள்தான் தூக்க வேண்டும். ஊருணியில் தண்ணீர் முகந்து, வெண்கலப் பானையோடு தலையில் வைத்து, செருப்பில்லாமல் கோயில் வரை ஒன்றேகால் கிலோமீட்டர். வழியில் இறக்கி வைத்தால் பங்காளிகளுக்கு ஆகாது. போன வருடம் அவள் இறக்கவில்லை. கோயிலில் போய் இறக்கினாள், விறகடுப்புக்கு முன்னால் மூன்று மணி நேரம் குனிந்து நின்றாள், எண்பது பேருக்குப் பரிமாறினாள், பிறகு ஐந்து நாள் படுக்கையை விட்டு எழவில்லை. கண்ணேறு என்று சொல்லி மிளகாய் சுற்றிப் போட்டார்கள்.

இந்த வருடம் முடியாது என்று அவளுக்குத் தெரியும். பயமாகவும் இருந்தது. ஒருநாள் சாப்பாடு பரிமாறும்போது சொல்லிவிட்டாள்.

"இந்த வருசம் பானை என்னால தூக்க முடியாதுங்க. சின்னப்பிள்ளை அண்ணிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

ஆத்மநாதன் யோசிக்கவே இல்லை. "ஒம்போத வச்சுக்கிட்டு எப்படித் தூக்குவ? நான் சொல்லிக்கிறேன். நீ கவலைய விடு."

அவள் கவலையை விட்டாள். நான்கு வருடத்தில் விட்ட முதல் கவலை அது.

ஆடி பிறந்து இரண்டாவது வாரம், பன்னிரண்டு பொடியும் முடிந்து, மறுபடி ரத்தம் கொடுத்தார்கள். ரிப்போர்ட் ஆத்மநாதன் போனுக்கு வந்தது. கடையில் இருந்து வீட்டுக்கு ஓடியே வந்தார்.

"நாப்பத்தொண்ணு!" என்றார். "பிரகதி, நாப்பத்தொண்ணு! ஒம்போதுல இருந்து!"

பிரகதீஸ்வரி போனை வாங்கிப் பார்த்தாள். நாற்பத்தொன்று என்றுதான் இருந்தது. பக்கத்தில் அந்த வார்த்தையும் இருந்தது. நார்மல். பரீட்சையில் தோற்றவள் போலப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அசதி கொஞ்சம் குறைந்திருந்தது உண்மைதான், அதை அவள் மறுக்க மாட்டாள். வலி குறையவில்லை. வாரப் பொடியைக் குடிக்காமல் சாக்கடையில் கொட்டியிருக்கலாமோ என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

"வலி இருக்குங்க இன்னும்."

"இருக்காது" என்றார் ஆத்மநாதன். சொன்னபிறகு அவருக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டிருக்க வேண்டும். "பழக்கத்துல அப்படித் தெரியும். மண்ணுல சத்து ஏறியாச்சுல்ல. பயிரு தெளிய நாலு நாள் ஆகும்."

டாக்டரிடம் கேட்டார்கள். டி சரியானது எலும்புக்கு நல்லது, வலி அதோடு போய்விடும் என்று தான் ஒருபோதும் சொல்லவில்லை என்றார் அந்தம்மா. ஆத்மநாதன் சரி சரி என்று கேட்டுக்கொண்டார். மாவு வாங்குவது அந்த வாரத்தோடு நின்றது. கிரைண்டர் மறுபடி ஓடியது. தண்ணீர்க் குடம் தன் பழைய இடத்தில், அவள் தூக்குவதற்குத் தோதாக வந்து உட்கார்ந்தது.

"பானை விசயம் அண்ணிகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"எப்படிச் சொல்றது?" என்றார். குரலில் உண்மையான சங்கடம் இருந்தது. "ஒம்போதுன்னா சொல்லலாம். நாப்பத்தொண்ணுக்கு என்னான்னு சொல்லி நிப்பாட்டுறது? அக்கா ரிப்போர்ட் கேக்கும்ல."

படைப்புக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை பிரகதீஸ்வரி கடையில் பில் போட உட்காருவது வழக்கம். அந்தச் செவ்வாய்க்கிழமையும் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் மழைக்காற்று அடித்ததில் இரண்டு கையும் தோளில் இருந்து கழன்று விழுகிற மாதிரி இருந்தது. அப்போது கே.புதுப்பட்டிப் பக்கத்தில் இருந்து வெள்ளைச்சாமி வந்தார். கடைக்கு ரொம்ப நாள் வாடிக்கை, அறுபது வயதுக்காரர், வைகாசியில் இரண்டு ஏக்கர் கடலை போட்டிருந்தார்.

"தம்பி, கடலை மொகம் சரியில்லப்பா" என்றார்.

"எலை மஞ்சளிக்குதாண்ணே?"

"இல்ல. பச்சையாத்தேன் இருக்கு."

"பூச்சியா? புள்ளி விழுந்திருக்கா?"

"ஒண்ணும் இல்ல. பாக்குறவனுக்கு நல்லாத்தேன் தெரியும். எனக்குத்தேன் தெரியுது. காலையில போயி நின்னா, என்னமோ சோர்ந்து நிக்கிது. சொல்லத் தெரியல."

ஆத்மநாதன் மண் பரிசோதனை அட்டை கேட்கவில்லை. இலையைப் பறித்துக்கொண்டு வந்தீர்களா என்று கேட்கவில்லை. எத்தனை சதவீதம் என்று கேட்கவில்லை. பைக் சாவியை எடுத்தார்.

"கடையப் பாத்துக்க பிரகதி. அண்ணன் கடலைக் கொல்லை வரைக்கும் போயிட்டு வாரேன்."

போனார். பதினாலு கிலோமீட்டர். போகப் பதினாலு, வரப் பதினாலு. பிரகதீஸ்வரி இரண்டு பேருக்கு டிஏபி பில் போட்டாள், ஒருவருக்கு எலி மருந்து கொடுத்தாள். சுவரில் இருந்த இலைப் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு உள்ளுக்குள் என்னவோ சூடாகிக்கொண்டே வந்தது. அது கோபம் என்று தெரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இத்தனை நாளாக எந்தச் சூட்டையும் வலிக் கணக்கில் எழுதியே பழகியிருந்தாள்.

ஒன்றரை மணிக்கு ஆத்மநாதன் திரும்பினார். முழங்கால் வரை செம்மண். வாசல் குழாயில் காலைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே கேட்டாள்.

"என்ன கொறையாம்?"

"ஒண்ணும் தெரியல. எலை நல்லா இருக்கு. ரெண்டு செடியப் புடுங்கிப் பாத்தேன், வேரும் நல்லா இருக்கு. வேர்முடிச்சு இருக்கு. பூவும் இருக்கு."

"அப்ப நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வந்தாச்சா?"

"அதெப்படி?" ஆத்மநாதன் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தார். "நமக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிருமா? அந்தாளு சொன்னா சரியாத்தான் இருக்கும். என்னமோ இருக்கு. முப்பது வருசமா அந்தக் கொல்லையில நிக்கிறாரு. அவருக்குத் தெரியாதா?"

பிரகதீஸ்வரி எழுந்தாள். நாற்காலியில் இருந்து எழுவதற்கு மேசையில் கையை ஊன்ற வேண்டியிருந்தது.

"நான் இந்த ஒடம்புக்குள்ள நாப்பத்தாறு வருசமா நிக்கிறேன்" என்றாள்.

குரல் உயரவில்லை. கடையின் எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஆத்மநாதனுக்கு மட்டும் கேட்டது. அவர் கால் நனைந்தபடி அங்கேயே நின்றார்.

"அவரு கடலை வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லுச்சா? இருபத்தெட்டு கிலோமீட்டர் போயிட்டு வந்திருக்கீங்க. நான் பேசுறேன். நாலு வருசமா வாயத் தொறந்து பேசுறேன். எனக்கு மட்டும் எதுக்கு ரிப்போர்ட்டு?"

இதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அழுதால் பேச்சு அழுகையைப் பற்றி மாறிவிடும். அதனால் உட்கார்ந்துவிட்டாள்.

ஆத்மநாதன் உள்ளே வந்தார். துண்டால் காலைத் துடைத்தார். துடைத்த காலையே இன்னொரு தடவை துடைத்தார். சுவரில் இருந்த படத்தை ஒரு முறை பார்த்தார். உதவிக்குப் பார்த்தாரா, பழக்கத்தில் பார்த்தாரா தெரியவில்லை. அதில் இருந்து அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு சட்டைப் பையில் இருந்து போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு உரக்கப் பேசுவதுதான் அவர் வழக்கம், அக்காவுக்குக் காது மந்தம்.

"அக்கா, இந்த வருசம் பானைய பிரகதி தூக்க மாட்டா."

"ஏண்டா? இன்னும் ஒம்போதாவா இருக்கு?"

"இல்லக்கா. நாப்பத்தொண்ணு."

"நல்லதாப் போச்சு. பெறகென்ன?"

"வலிக்குது அவளுக்கு."

"நாப்பத்தொண்ணுல எப்படிடா வலிக்கும்? நீதான சொன்ன, ஏறிட்டா சரியாயிரும்னு."

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்." ஆத்மநாதன் தொண்டையைச் செருமினார். "எதனாலன்னு எனக்குத் தெரியலக்கா. டாக்டருக்கே முழுசாத் தெரியல. அவளுக்குத் தெரியுது. அவ சொல்றா."

அந்தப் பக்கம் சின்னப்பிள்ளை அடுத்த கேள்வியை எடுத்தாள்.

"மூத்தவ இருக்கையில எளையவ தூக்குனா கருப்பருக்கு என்னடா பதில் சொல்றது?"

"ரம்யா தூக்கட்டும். கருப்பருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். பங்காளிக யாராவது கேட்டா, எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லு."

"என்னமோ போ" என்றாள் சின்னப்பிள்ளை. ரம்யா ஆத்மநாதனின் தம்பி பெண்டாட்டி. அவளுக்குச் சேதி சொல்ல வேண்டும், அவள் இப்போதே முதுகு வலி என்று சொல்வாள் என்று முணுமுணுத்துக்கொண்டே போனை வைத்தாள்.

ஆத்மநாதன் போனைப் பையில் போட்டார். பிரகதீஸ்வரி பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து கலங்கித் தெரிந்தது. கையை உதறிப் பார்த்தாள். வலி ஒரு குன்றிமணி அளவு கூடக் குறையவில்லை. அதே தோள், அதே கழுத்து. சந்தோசமாக இருந்தது. இரண்டும் ஒரே உடம்பில் இருக்க முடியும் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

அவர் மருந்து டப்பா அடுக்கிய பெஞ்சில் இரண்டு டப்பாவைத் தள்ளிவிட்டு, அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். என்ன கேட்பது என்று தெரியாமல் முழங்காலைத் தடவினார். வெள்ளைச்சாமியிடம் கொல்லையில் கேட்டதையே கடைசியில் கேட்டார்.

"எந்தப் பக்கம்? காலையில கூடவா, சாயங்காலம் கூடவா?"

நான்கு வருடத்தில் எதனால் என்று கேட்டிருக்கிறார். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறார். எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். இதை அவர் கேட்டதில்லை. பிரகதீஸ்வரிக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"மொதல்ல எடது தோளு" என்றாள்.

வாசலில் ஒரு டிவிஎஸ் வந்து நின்றது. வந்தவர் ஹேண்டிலைப் பிடித்தபடியே, "மொதலாளி, களைக்கொல்லி ஒரு லிட்டர்" என்று குரல் கொடுத்தார். வியாபாரத்தைக் காக்க வைத்துப் பழக்கமில்லாத மனிதர் ஆத்மநாதன். கைக்குழந்தை அழுதபோதுகூட எடை போட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தவர்.

"செத்த நில்லுங்கண்ணே" என்றார், திரும்பிப் பார்க்காமல். "வீட்ல பேசிக்கிட்டிருக்கோம்." பிறகு அவளிடம், "நீ சொல்லு."

அவள் சொன்னாள். டிவிஎஸ்காரர் வண்டியை அணைத்தார். கொஞ்ச நேரம் நின்றார், பிறகு எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனார். டீ குடித்துவிட்டு அவர் திரும்பி வந்தபோது பிரகதீஸ்வரி இன்னும் இடது தோளில்தான் இருந்தாள்.